பக்கக் கண்ணாடிக்கு ஐம்பது

வெட்டுவெந்நி வளைவில் கைகாட்டி நிறுத்தினார்கள்.
குனிந்த எஸ்.ஐ. என்னைப் பார்க்கவில்லை,
என் கண்ணாடியில் தன் மீசையைப் பார்த்தார்.
"உள்ள ஆளிருக்கா இல்லையான்னே தெரியல்ல.
கறுப்பு பிலிம். ஐநூறு."
கைமெஷின் நாக்கை நீட்டியது.

பிலிம் இல்லை சார், கம்பெனிக் கண்ணாடி,
பிறவியிலேயே பச்சை என்றேன்.
கோர்ட்டுல சொல்லும்மா என்றார்.
சொல்லுகேன் என்றேன்.
இரண்டு பேருமே அதை எதிர்பார்க்கவில்லை.

ஐநூறுக்கா கேஸு என்று சிரித்தாள் ஜெசிந்தாள்,
முந்திரி ஆபீசில் கணக்கெழுதுகிறவளுக்கே
கணக்கு தெரியவில்லையாம்.
குழித்துறைக்கு மூன்று வாய்தா,
மூன்று நாள் சம்பளம்,
வக்கீல் வைக்காதவளை வக்கீல்கள் பார்க்கிற பார்வை.
"பைன கெட்டீட்டு போனா என்ன?
நம்ம குடும்பத்துப் பெண்ணு
கோர்ட்டுல போய் நிக்கணுமாக்கும்"
இது போனில் அண்ணன்,
வண்டி வாங்கிய அன்றும் இதே குரல்.

மூன்றாம் வாய்தாவில் நடுவர் கேட்டார்:
எத்தனை சதவீதம் ஒளி போகிறது, அளந்தீர்களா?
ஏட்டு தன் ஷூவைப் பார்த்தார்.
கண்ணால பாத்தோம் அய்யா.
சட்டம் உங்கள் கண்ணைக் கேட்கவில்லை,
முன்னும் பின்னும் எழுபது,
பக்கக் கண்ணாடிக்கு ஐம்பது.
மதியத்துக்குள் அளந்து வாருங்கள்.

மார்த்தாண்டத்திலிருந்து மீட்டர் வந்தது,
ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள், பஞ்சு சுற்றி.
வளாகத்து அயனி மரத்தடியில் வண்டி.
மோட்டார் வாகன ஆய்வாளர் சிபு தங்கராஜ்
ஓரத்தை நகத்தால் சுரண்டினார்.
உரிய ஒன்றுமில்லை.
மூலையில் பொறித்த பொடி எழுத்தை
கண்ணாடி கழற்றிப் படித்தார், மாட்டிப் படித்தார்.
பிறகு கருவியின் இரண்டு தாடையையும்
உள்ளும் புறமும் கவ்வ விட்டார்.

நாற்பத்தேழு.

ஏட்டு நிமிர்ந்தார்.
சாயா குடிக்கப் போன இரண்டு பேர் திரும்பி வந்தார்கள்.
ஆய்வாளர் மட்டும்
விரலைக் கண்ணாடியில் இழுத்து
நாக்கு நுனியில் வைத்தார்.
"உப்பு.
வண்டியக் கடலுக்குள்ளயா விடுவிய?"

குடிக்க வைத்திருந்த குப்பித் தண்ணீர்,
டிபன் சுற்றிவந்த பேப்பர்.
துடைத்தேன்.
அறுபத்தெட்டு.

ரத்து என்று எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தா
பேனாவை நிறுத்திக் கேட்டார்,
உப்பு எங்கேயிருந்து வந்ததுன்னு போடணுமா அய்யா?

நடுவர் என்னைப் பார்த்தார்.
இந்தக் கேள்விக்கு மட்டும் நான் படித்து வரவில்லை.

தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்துக் கல்லடுக்கின் பக்கம்,
ஆபீஸ் விட்டு வீடு போகுமுன் ஒரு மணி நேரம்,
எஞ்சின் அணைத்து, கண்ணாடி ஏற்றி.
கூட யாருமில்லை. யாருக்கும் போனில்லை.
சில நாள் செருப்பைக் கழற்றி
காலை டேஷ்போர்டில் தூக்கி வைப்பேன்.
அலை கல்லில் மோதித் தெறிக்கும்,
வைப்பர் போடமாட்டேன்.
அவ்வளவுதான்.
ஒரு பெண் ஒரு மணி நேரம் எங்கே போனாள் என்பதற்கு
இந்தப் பதிலை
எங்கள் ஊரில் யார் நம்புவார்?

ஒளி என்றால் வெளிச்சம்.
ஒளி என்றால் மறைந்துகொள்.
மீட்டர் ஒன்றைத்தான் அளக்கும்.

"வேண்டாம்" என்றார் நடுவர்,
"கண்ணாடி சுத்தம் என்று மட்டும் எழுதும்."

திரும்பும்போது
கருங்கல் முக்கில் அண்ணனின் கூட்டாளிகள்
முதல் முறையாக என்னை வண்டிக்குள் கண்டார்கள்.
ஆளிருக்கு.
ஹாரன் அடித்துக் காட்டினேன்.

பிறகு அதே கல்லடுக்கு.
முதல் திவலை வந்து
வலப்பக்கக் கண்ணாடியில் உட்கார்ந்தது,
காய்ந்தது, வெள்ளையாய் ஒரு புள்ளி.
அறுபத்தெட்டிலிருந்து ஐம்பதுக்கு
எத்தனை சாயங்காலம் ஆகும் என்று கூட்டிப் பார்த்தேன்.

முந்திரி ஆபீசில் வேலை.
எனக்குக் கணக்கு தெரியும்.